தலைமாட்டுக் குரோட்டன்

குரோட்டன் செடியை வீட்டு வாசலில் வைக்கலாமா, கூடாதா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வைக்க ஆசையென்றால் வாங்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் வழியை விடுங்கள், பின்னால் நிற்கிறவர் வாங்கட்டும். குண்டசாலையில் என் வீட்டு முற்றம் முழுக்க அந்தச் செடிதான். மஞ்சள் பொட்டு வைத்தது, சிவப்பு நரம்பு ஓடியது, வாத்துப் பாதம்போல் இலை விரிந்தது, ஒரே கிளையில் பச்சையும் செம்மஞ்சளும் சண்டை போடுவது என்று எல்லாம் நிற்கின்றன. கண்டி டவுனிலிருந்து ஹோட்டல்காரர்கள் வந்து வாங்குகிறார்கள். மடவளையிலிருந்து வருகிற முஸ்லிம் ராத்தா ஒருவர் கடை வாசலுக்கென்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார். எங்கள் ஆட்கள்தான் கேட்டுக்கு வெளியே நின்றே கேட்பார்கள், "அக்கா, இது மயானத்துச் செடியில்ல?"

ஆமாம், மயானத்துச் செடிதான். நான் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, தாலி இழந்த ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யாரை அடக்கம் செய்தாலும் தலைமாட்டில் ஒரு குரோட்டன் கிளையைக் குத்துவார்கள். மாடு தின்னாது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எந்த வெயிலிலும் மொட்டையாகாது. கல் வைத்துப் பெயர் வெட்ட வழியில்லாத சனத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்குமா? ஒரே ஒரு கோளாறு என்னவென்றால், எல்லாரும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரே மரத்திலிருந்துதான் ஒடிப்பார்கள். வேலை செய்யும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அந்த இடத்தில், வழியோரமாக, கைக்கு எட்டுகிற உயரத்தில் அது நின்றது. அதனால் மயானம் முழுக்க ஒரே மஞ்சள். எந்த மஞ்சளுக்குக் கீழே யார் இருக்கிறார் என்று சொல்ல, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரைக் குளவி கொட்டியது. மருந்தடிக்கப் போன இடத்தில், மரத்திலிருந்த கூடு கலைந்து, மொத்தமும் அவர்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் குழி வெட்டி முடித்து, யாரோ வழக்கம்போல மஞ்சள் கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. குளவிமேல் ஆத்திரம், லொறி அனுப்பத் தாமதித்தவர்கள்மேல் ஆத்திரம், ஒரு கைக்குழந்தையோடு என்னை விட்டுவிட்டுப் போன மனுஷன்மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆத்திரம். அதையெல்லாம் அந்தக் கிளைமேல் காட்டினேன். "ஊருக்கெல்லாம் குத்துற கொம்ப எம் புருஷனுக்குக் குத்தாதீங்க!" என்று கத்தினேன். லயத்து வீட்டுக்கு ஓடிப்போய் என் செடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அது தோட்டத்தில் யாரிடமும் இல்லாத இனம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டு மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிளையைக் கேட்டு வாங்கி வந்து வளர்த்தது. விரலகலம்கூட இல்லாத இலை, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு தொங்கும். நல்ல வெயில் பட்டால் கறுப்பென்றே சொல்லலாம், நடுநரம்பு மட்டும் இரத்தச் சிவப்பு. நான் சுருட்டை என்று கூப்பிடுவேன். நான் காசு கொடுத்து வாங்காத ஒரே சுகம் செடிதான் என்று அவர் என்னைக் கேலி செய்வார். அந்தத் தாய்ச்செடியின் ஒரு கிளையில் நான் பதியம் போட்டிருந்தேன். விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிவர உரித்து, உள்ளே வழுவழுப்பாக இருக்கும் பச்சையைக் கத்தியால் சுரண்டி, ஈரத் தேங்காய்த் தும்புத்தூளை அப்பி, பொலித்தீனால் சுற்றி மேலும் கீழும் கட்டிவிட வேண்டும். மேலேயிருந்து இறங்கும் சத்து உரித்த இடத்தில் வந்து தேங்கி நிற்கும். போக வழியில்லாமல் அங்கேயே வேர் விடும். பொலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரிந்து, அது பழுப்பாக மாறும்போது கீழே வெட்டி எடுத்தால் தனிச்செடி. என் கைக்கு முதல்முதலாகச் சரிவந்த பதியம் அதுதான். அதைத்தான் அவர் தலைமாட்டில் நட்டேன்.

பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு குண்டசாலைக்கு வந்துவிட்டேன். வீட்டு வேலை, பல்லேகலையில் கார்மென்ட் வேலை, கடைசியில் இந்தச் செடி வியாபாரம். வருஷத்துக்கொரு தடவை, அவர் திதிக்கு, தோட்டத்துக்குப் போவேன். மயானத்தில் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். புல்லுக்கு மேலே கறுப்பாகச் சுருட்டை தெரியும். நேரே அதை நோக்கிப் போய், புல்லை மிதித்து இடம் பண்ணி, சூடம் கொளுத்தி, அந்த வருஷத்து வழக்கையெல்லாம் அவரிடம் கொட்டித் தீர்ப்பேன். மகளுக்கு அம்மை போட்டதையும் சொன்னேன், வீட்டுக்காரம்மா வாடகையை ஏற்றியதையும் சொன்னேன். சும்மா சொல்வதில்லை, ஏசுவேன். ஏசி முடித்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

போன மழைக்குப் பிறகு ஒருநாள் காலையில் கொழுந்தன் போன் எடுத்தார். இவருடைய தம்பி. இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர். ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் மூன்று தடவை தொண்டையைச் செருமுகிற மனுஷன்.

"அண்ணி, மேல மயானத்துப் பக்கம் நெலம் வெடிச்சிருச்சு. வெடிப்புக்குள்ள எங் கை போகுது. சரிஞ்சா ரோட்டுல வந்துதான் விழும்ன்னு, அவ்வளவையும் வெட்டி எறக்கப் போறாங்களாம். அடுத்த கெழம மண்ணு வெட்ட பெக்கோ மெஷின் வருது."

"அப்ப நம்மாளுங்க?"

"கோயில் கமிட்டில பேசி, பழைய ஸ்டோர் இருந்த தட்டுல எடம் வாங்கியிருக்கு. அவங்கவங்க வீட்டு ஆளு குழியில இருந்து ஒரு பிடி மண்ணெடுத்து அங்க பொதைக்கிறதுன்னு முடிவு. சம்சாரம் இருக்கையில நான் எடுக்கக் கூடாதுங்கிறாங்க. நீங்க வந்தாத்தான் அண்ணனுக்கு."

ஒரு பிடி மண். அதுதான் இனிமேல் ஆள். அந்தப் பிடி எடுக்கப்படாதவர் பெக்கோ அள்ளுகிற மண்ணோடு மண்ணாக டிப்பரில் ஏறி எந்தப் பள்ளத்துக்கோ போவார். மகளிடம் சொன்னேன். அவளுக்கு ஃபெக்டரியில் லீவு கிடைக்கவில்லை. அப்பா செத்தபோது அவளுக்கு நடக்கத் தெரியாது. அவர் முகம் அவளுக்குப் படத்தில் பார்த்ததுதான். வேலைக்குப் போகிற அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பாவ விட்டுட்டு வந்திராதீங்கம்மா" என்றாள். "என்னடி பேச்சு இது, உங்கப்பா என்ன பஸ்ஸில மறந்துட்டு வர்ற குடையா?" என்று அவளை விரட்டினேன். விரட்டினேனே தவிர, அந்தச் சொல் என் கூடவே வந்தது.

தலாத்துஓயா தாண்டி பஸ் ஏறும்போதே மழைத் தூறல். வழியெல்லாம் மண் சரிந்து சிவப்புக் காயங்கள். கொழுந்தன் ரோட்டோரத்தில் குடையோடு நின்றார். இரண்டு பேரும் மேலே ஏறினோம். மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலில் எனக்கு இடமே பிடிபடவில்லை. மண் எடுக்க வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமென்று வாலிபர்கள் சேர்ந்து மானாவை ஒன்றுவிடாமல் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சரிவு முழுக்க மொட்டையாகக் கிடந்தது. அங்கங்கே மஞ்சள் குரோட்டன்கள், குந்தி அழும் சனம், சூடப் புகை.

நான் வழக்கம்போல என் சுருட்டையைத் தேடினேன். கண்டுபிடித்தேன். அதற்கு அப்பால் இன்னொன்று நின்றது. அதற்கும் கீழே ஒன்று. மூன்று சுருட்டை. மூன்றும் கறுப்பு, மூன்றும் என்னைவிட உயரம்.

"இது என்னங்க தம்பி?" என்றேன்.

கொழுந்தன் செருமினார். "அழகா இருக்குன்னு சனம் ஒடிச்சு வச்சிருச்சு அண்ணி. நல்ல செடியில்லயா. அப்புறம் செத்தவங்களுக்கு இதத்தான் குத்துனாங்க. ஒண்ணு, உங்க நெரயில கொழுந்தெடுத்தாங்களே ஒரு அக்கா, அவங்களுக்கு. இன்னொண்ணு அந்த ஒத்தக்கண்ணுத் தாத்தாவுக்கு. அவரு பிள்ளைங்க இந்தியாவுக்குப் போயிருச்சுங்க."

"சரி, இதில அண்ணன் எது?"

அவர் மூன்றையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மூன்றையும் பார்த்தார். "இந்த வரிசதான் அண்ணி. அது மட்டும் நிச்சயம்."

மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது எனக்கு. "கூடப்பொறந்த அண்ணன் எங்க இருக்காருன்னு தெரியாம இத்தன வருஷமா இங்கேயே குடியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரியுமா? வருஷா வருஷம் நான் புல்லுக்குமேலே கறுப்பைக் கண்டேன், அதை நோக்கிப் போனேன். எந்தக் கறுப்பு? போன வருஷம் கும்பிட்டதும் அதற்கு முந்தின வருஷம் கும்பிட்டதும் ஒரே செடிதானா? முதலில் கண்ணில் படும் கறுப்போடு நின்றுவிடுவேன், அந்தப் புல்லுக்குள் மற்ற இரண்டையும் தேடியதே இல்லை. நான் வாய்க்கு வந்தபடி ஏசியதெல்லாம் யார் காதில் விழுந்ததோ! ஒற்றைக்கண் தாத்தா ஒரு எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷன். "நாசமாப் போன குடிய எப்பவாவது நிறுத்துனீங்களா" என்று அவரை நான் கேட்டிருந்தால்? எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது. செடி வியாபாரம் பண்ணுகிறவளுக்கு இது தெரியாமல் போகுமா? என்னுடையது பதியம் போட்டது. மற்ற இரண்டும் ஒடித்துக் குத்தியவை. ஒடித்துக் குத்திய கிளை பெரும்பாலும் சாய்ந்துதான் வளரும், வேரும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பதியம் போட்டதற்கு அடிக்கழுத்தைச் சுற்றி வளையமாக வேர் இறங்கும். மேல்மண்ணைக் கொஞ்சம் கிளறினால் போதும், தெரிந்துவிடும். கொழுந்தனிடமிருந்து மண் கிண்டும் குத்தூசியை வாங்கிக்கொண்டு முதலாவது செடிக்குப் போனேன்.

மழையில் ஊறிய மண், சுலபமாக விட்டுக்கொடுத்தது. அடித்தண்டு மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. வேர் மொத்தமும் பள்ளத்துப் பக்கம். இது குத்தினது. இரண்டாவதற்குப் போனேன். கிழித்து ஒடித்த பட்டையின் தழும்பு அடியில் நாக்குப்போலத் துருத்திக்கொண்டிருந்தது. இதுவும் குத்தினது.

மிச்சம் ஒன்றுதான். கீழே, ஓரமாக, மூன்றிலும் தடித்தது. ஆனால் அதன் அடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தாள். முப்பது வயதுக்குமேல் இருக்கும். தேங்காய் உடைத்து, வாழைப்பழம் வைத்து, செடியின் அடித்தண்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கன்னத்தைத் தண்டில் சாய்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். யாரென்று கொழுந்தன் காதோடு சொன்னார். என் நிரையில் கொழுந்தெடுத்த அந்த அக்காவின் மகள். தாய் செத்தபோது லெபனானில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அண்ணன்காரன்தான் அடக்கம் செய்து கிளை குத்தியவன். இவள் திரும்பி வந்ததும் அவன் ரோட்டில் நின்றபடியே கையை நீட்டி, "அந்தா தெரியுதே, கறுப்புச் செடி, அதுதான் அம்மா" என்று காட்டியிருக்கிறான். அவனும் இப்போது கொழும்புக்குப் போய்விட்டான்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தங்கச்சி, செடிக்கு அடியில கொஞ்சம் மண்ணத் தள்ளிப் பார்க்கட்டுமா? வேர் எப்பிடி இருக்குன்னு பார்க்கணும்" என்றேன். அவள் என்னைச் செடிக்காரி என்று தெரிந்து வைத்திருந்தாள். "பாருங்கக்கா" என்று நகர்ந்து இடம் விட்டாள். குத்தூசியால் மெதுவாகக் கிளறினேன். வேர் சுற்றிவர வளையமாக இறங்கியிருந்தது. அது போதாதென்று இன்னும் கீழே, கழுத்தை இறுக்கிக்கொண்டு, நீல நைலோன் கயிறு. பட்டை அதன்மேல் தடித்து வளர்ந்து பாதியை விழுங்கியிருந்தது. பதியத்தின் கீழ்க்கட்டு. அன்றைக்கு இருந்த நிலையில் மேல்கட்டை அவிழ்த்தேன், பொலித்தீனைக் கிழித்தேன், கீழ்க்கட்டை அறுக்க மறந்துபோனேன். அந்தக் கயிறு என்னுடையது. இதற்குக் கீழே இருப்பது என் வீட்டுக்காரர்.

பின்னால் நின்ற கொழுந்தனும் கயிற்றைப் பார்த்துவிட்டார். "அண்ணி, இது…" என்று தொடங்கினார். "பேசாம இருங்க தம்பி" என்றேன்.

பேசாமல் இருக்கச் சொன்னது அவரை மட்டும்தான். எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. எழும்பு, அது என் புருஷன், உன் அம்மா அந்தப் பக்கம் எங்கேயோ கிடக்கிறா என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதில் பொய்யில்லை, அநியாயமுமில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசத் தொடங்கிவிட்டாள்.

"வெள்ளிக்கிழம தவறாம வருவேன்க்கா. எல்லாத்தையும் அம்மாகிட்டத்தான் சொல்லுவேன். அவரு குடிச்சிட்டு வந்து அடிச்சா, அடுத்தநாள் காலையில இங்கதான் வந்து ஒக்காருவேன். மகனுக்கு இழுப்பு வந்தப்ப, அம்மா நீதான் பாத்துக்கணும்னு சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போனேன். லெபனான்ல இருந்து அம்மா மொகத்தப் பார்க்க வர முடியாமப் போச்சு. இந்தச் செடியத் தொட்டாத்தான் எனக்கு அம்மாவத் தொட்ட மாதிரி இருக்கும். இதில்லாம நான் எப்பவோ மருந்து குடிச்சிருப்பேன்."

எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல. பொறாமை. நான் வருஷத்துக்கொரு தடவை வந்து ஏசிவிட்டுப் போன மனுஷனிடம் இவள் வாராவாரம் வந்து மஞ்சள் பூசியிருக்கிறாள். என் புருஷனுக்கு நான் வைக்காத குங்குமம். பிறகுதான் அந்தத் தண்டைப் பார்த்தேன். அவள் கை பட்டுப் பட்டு ஓரிடம் மினுமினுவென்று ஆகியிருந்தது. எழும்பு என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டேன்.

"தங்கச்சி, எனக்கும் இங்கயிருந்து ஒரு பிடி மண் தர்றியா?"

"எதுக்குக்கா?"

"உங்கம்மாவும் நானும் ஒரே நெரயில கொழுந்தெடுத்தவங்க. மழை நாள்ல எனக்குக் கூடை நெறையலன்னா அவங்க கூடையில இருந்து அள்ளிப் போடுவாங்க." இது உண்மை. அந்த அக்கா அப்படிப்பட்டவர்தான்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு கையாலும் அந்த வேர் வளையத்துக்குப் பக்கத்திலிருந்து மண்ணை அள்ளி, என் தலைப்பு விரிப்பில் போட்டாள். "எடுத்துக்கங்கக்கா. அம்மா சந்தோசப்படுவாங்க." என் புருஷனை இன்னொருத்தி கையால் வாங்கித் தலைப்பில் முடிந்துகொண்டேன். மகள் சொல்லி அனுப்பியதைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அந்த அக்கா? அவரை எடுக்க யாருமில்லை. மகள் வேறொருவரை அம்மாவென்று எடுத்துக்கொண்டு போனால், அம்மா பெக்கோவுக்கு மிச்சம்.

நான் திரும்ப மேலே போய், குத்திய செடிகள் இரண்டின் அடியிலிருந்தும் ஒவ்வொரு பிடி அள்ளி ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டேன். எது அக்கா, எது தாத்தா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியுமில்லை. கொழுந்தன் எதுவும் கேட்காமல் குடையை என் தலைக்குமேல் பிடித்தபடி கூடவே வந்தார். முதல் தடவையாக அந்த மனுஷன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பழைய ஸ்டோர் இருந்த தட்டு வெறும் கல்லும் சிமெந்துத் துண்டுமாகக் கிடந்தது. வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் வெட்டியிருந்தார்கள், பிள்ளைக்குப் பல் விழுந்தால் புதைக்கிற அளவுக்குத்தான். இவருக்கு ஒன்று காட்டினார்கள். தலைப்பை அவிழ்த்து மண்ணைப் போட்டு மூடினேன். ஏச ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் குழி அவளுடையது. அவள் தன் மடியிலிருந்ததைப் போட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் குழிக்கு மண் தள்ளுவது வழக்கம், இங்கேயும் தள்ளினார்கள். "நீங்களும் போடுங்கக்கா" என்றாள். சொப்பிங் பேக்கை அவிழ்த்து, உள்ளே இருந்ததெல்லாவற்றையும் அந்தக் குழியில் கொட்டினேன். மனதுக்குள், அக்கா வந்து சேர்ந்துட்டீங்க, தாத்தா நீங்களும் கோவிச்சுக்காம ஒரு ஓரமா இருந்துக்குங்க என்று சொன்னேன். "எவ்வளவு மண் கொண்டாந்திருக்கீங்க!" என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் செடி வேண்டும். இந்தக் கல்லுத் தரையில் ஒடித்துக் குத்தினால் பிழைக்காது, அதே செடியில் ஒரு கன்று போட்டு வேரோடு தரவேண்டும் என்றாள். பதியம் போட நாளில்லை, பெக்கோ வந்துவிடும். கிளை வெட்டி வீட்டில் வைத்து வேர் விடச் செய்வது ஒன்றுதான் வழி. "சுருட்டை வேணாம் தங்கச்சி. எங்கிட்ட நல்ல செவப்பு இருக்கு, பெரிய எல, ரோட்டுல இருந்தே தெரியும்" என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே இனத்தை மறுபடி இரண்டு குழிக்கு வைத்து இன்னொரு தடவை இந்தக் கூத்தை யார் பார்ப்பது?

அவள் முகம் சுருங்கிவிட்டது. "வேற செடின்னா அது அம்மா இல்லையேக்கா."

"சரி" என்றேன். திரும்ப மயானத்துக்குப் போய், அந்தத் தடித்த செடியிலிருந்து நல்ல கொழுந்துக் கிளைகளாகப் பார்த்து வெட்டினேன். வெட்டிய இடத்தில் வடிந்த நீர் என் சேலையில் பட்டுக் கறையாகிவிட்டது. அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. இவருக்கு வேறு இனம் வைப்பதென்று அப்போதே முடிவு செய்தேன். அவளுக்குச் சுருட்டை, என் வீட்டுக்காரருக்கு அந்தச் சிவப்பு. மனது ஒப்பவில்லை. இப்போதும் ஒப்பவில்லை.

அடுத்த கிழமை பெக்கோ வந்தது. கொழுந்தன் போனில் படம் அனுப்பினார். சரிவு இருந்த இடத்தில் படி படியாக வெட்டிய செம்மண் மட்டும் தெரிந்தது. மகள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அப்பா இங்கயா இருந்தாரு?" என்று ஒரு மூலையைத் தொட்டுக் கேட்டாள். "ஆமா" என்றேன். அது சரியான மூலைதானா என்று எனக்குத் தெரியாது.

கிளைகளின் இலையைப் பாதியாக நறுக்கி, வேர் மருந்தில் தோய்த்து, தும்புத்தூள் நிரப்பிய சாடிகளில் ஊன்றி, மேலே பொலித்தீன் கவிழ்த்துக் குசினிக்குப் பின்னால் நிழலில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மயானத்துல இருந்தா கொண்டாந்தீங்க?" என்று முகத்தைச் சுளித்தாள். "ஆமா, உங்க வீட்டுப் பக்கம் வராது, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டேன். சில கிளைகள் அழுகிப்போயின. மிச்சம் இலை கொட்டாமல் நின்றன. தினமும் காலையில் எழும்பியதும் முகம் கழுவுவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பேன். விற்கிற செடிக்கு நான் இவ்வளவு பயந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவள் போன் எடுத்தாள். "அக்கா, அம்மா எப்பிடி இருக்காங்க?"

அவள் கிளைகளைத்தான் கேட்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது. "இருக்காங்கம்மா. இன்னும் வேர் விடல. எல வாடல."

அடுத்த வெள்ளி மறுபடியும். அதற்கடுத்த வெள்ளி நான் பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தபோது உச்சியில் ஊசி முனைபோல ஒரு துளிர். அதைச் சொன்னதும் அவள் அந்தப் பக்கம் விம்மி அழுதுவிட்டாள். அழுது முடித்து, தயங்கித் தயங்கி, "அக்கா, போனை அவங்க பக்கத்தில கொஞ்சம் வைக்கிறீங்களா? நான் பேசி எவ்வளவு நாளாச்சு" என்று கேட்டாள்.

ஸ்பீக்கரைப் போட்டு, போனைச் சாடியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்துவிட்டேன். தாயிடம் மகள் பேசுவதை நான் எதற்குக் கேட்கவேண்டும்? ஆனாலும் சுவர் மெல்லிய சுவர். புருஷன் மறுபடி குடிக்கிறான், மகனுக்கு இழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாமியார் சோற்றைக் குறை சொல்கிறாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த நாளில் நான் இப்படியொரு பேச்சைத் தொடங்கினாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக் கோடிக்குப் போய்விடுவார். சரியாக இரண்டு வார்த்தை கேட்டதில்லை அந்த மனுஷன்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தான். நான் அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள், "அப்ப வைக்கட்டுமாம்மா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு வைக்கமாட்டாள், காத்திருப்பாள். நான் வெளியே போய், சாடிக்குப் பக்கத்தில் குனிந்து, "சரிம்மா, வை" என்பேன்.